மூன்று தப்பு, ஒரு சரி

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் தப்பக்கா. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் அந்த ஆளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். டீ போடும் மூலையிலும் லிஃப்டிலும் மட்டும் அந்தப் பெயர் ஓடியது. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் சண்டைக்குப் போகாமல் விட்டுவைத்த ஒரே விஷயம் அதுதான். உள்ளூர அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது.

வேலை அப்படிப்பட்டது. ஒரு கண் மருத்துவமனையின் மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. பிள்ளைகளுக்கு நெட்டில் கணக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் தொழில். ஒரு பக்கம் வீடியோ எடுப்பார்கள், இன்னொரு பக்கம் கேள்வி தயாரிப்பார்கள். வீடியோ முடிந்ததும் திரையில் ஒரு கணக்கு வரும், அதன் கீழே நாலு விடை வரும். ஒன்று சரி, மூன்று தப்பு. சரியானதைத் தொட்டால் நட்சத்திரம் பறக்கும். சரியான விடையை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம், கணக்கைப் போட்டால் தானாக வந்துவிடும். தப்பான மூன்றையும் எழுதுகிறவள் அவள்.

தப்பு எழுதுவதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று யாராவது கேட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வாய்க்கு வந்த நம்பரை எழுதினால் அது தப்பு இல்லை, குப்பை. எந்தப் பிள்ளையும் அதைத் தொடாது. பிள்ளை எங்கே சறுக்கும் என்று பார்த்து, அங்கே விடையை முன்கூட்டியே உட்கார வைக்க வேண்டும். மைனஸ் ஏழோடு மூன்றைக் கூட்டச் சொன்னால், மைனஸைக் கண்டுகொள்ளாத பிள்ளைக்குப் பத்து வரும். மைனஸை இரண்டுக்கும் சேர்த்து ஒட்டுகிற பிள்ளைக்கு மைனஸ் பத்து வரும். கழித்துவிட்டுக் குறியை மறக்கிற பிள்ளைக்கு நாலு வரும். மூன்றும் கீழே தயாராக இருக்க வேண்டும். தனக்கு வந்த விடை அங்கே இருப்பதைப் பார்த்ததும் பிள்ளை சந்தோஷமாகத் தொடும். உடனே திரை சிவக்கும்.

புதிதாகச் சேருகிறவர்களிடம் அவள் முதல் நாளே சொல்லிவிடுவாள். "இரக்கம் பாக்கறதா இருந்தா வீடியோ பக்கம் போங்க. இங்க நாம கண்ணி வெக்கிறோம்."

இந்தக் கம்பெனிக்கு வருமுன் அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நல்ல டீச்சர்தான், ஆனால் மூக்கு நுனியில் கோபம். பெற்றோர் கூட்டம் ஒன்றில், பையன் ஏன் மார்க் வாங்கவில்லை என்று எகிறிய ஓர் அப்பாவை அத்தனை பேர் முன்னால் பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னாள். அவர் எட்டாம் வாய்ப்பாட்டில் தடுக்கி விழுந்தார். "பையன் எங்கேருந்து கத்துக்கிட்டான்னு இப்பத் தெரியுதா?" என்றாள். அவர் யாருக்கோ வேண்டப்பட்டவராம். அந்த வருடத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அவளுக்கு அதில் வருத்தம் எதுவும் கிடையாது. அவர் முகம் போன போக்கை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு இனிக்கும்.

அவள் எழுதும் தப்புகளுக்குக் கம்பெனியில் தனி மரியாதை இருந்தது. மற்றவர்கள் கண்ணியில் ஏதோ நாலைந்து பிள்ளைகள் விழுந்தால், இவள் கண்ணியில் பாதி வகுப்பு விழுந்தது. பெண் மேனேஜர் ஒரு தடவை வியந்துபோய்க் கேட்டாள். "எப்படிக்கா? பசங்க மண்டைக்குள்ள போய் உக்காந்துட்டு வர்றீங்களா?"

"அனுபவம்," என்று மட்டும் சொன்னாள் தப்பக்கா.

அனுபவத்துக்குப் பெயர் மகள். வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை ஒட்டியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மகள் அதில் கணக்குப் போட வேண்டும். அவள் அடுப்படியில் நின்றபடி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பாள். கேள்வி அறையில் ஆறு பேர் உட்கார்ந்து யோசித்தாலும் தோன்றாத தப்புகள் அந்தப் பெண்ணின் கையிலிருந்து சரம் சரமாக வந்தன. பார்த்த மாத்திரத்தில் அம்மாவுக்குச் சுர்ரென்று ஏறும். "இது என்ன? இது என்னன்னு கேக்கறேன்! கண்ணு எங்க இருக்கு, பிடரியிலயா?" என்பாள். டஸ்டர் பறக்கும், ஒரு நாள் கரண்டிகூடப் பறந்திருக்கிறது. பிறகு மார்க்கரைப் பிடுங்கி, விறுவிறுவென்று சரியான விடையைத் தானே எழுதி, அடியில் ஒரு கோடும் இழுப்பாள். மகள் தள்ளி நின்று பார்த்திருப்பாள். மறுநாள் காலையில் கேள்வி அறையில், முந்தின நாள் தப்புகள் அச்சு மாறாமல் தப்பு விடைகளாக ஏறிவிடும்.

இதில் திருட்டு எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றியதே இல்லை. அவள் பெண், அவள் பெண்ணின் தப்பு. சாப்பிடும்போது புருஷனிடம் பெருமையாகச் சொல்லுவாள். "இன்னிக்கு ஒண்ணு வெச்சேன் பாருங்க, பாதிப் பேர் அப்படியே வந்து விழுந்துட்டாங்க!" மருந்துக்கடை கவுண்டரில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்த மனிதர், விழுந்தது யார், எங்கே என்று கேட்காமல் தலையை ஆட்டிவைப்பார். தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மகளும் ஒன்றும் கேட்டதில்லை.

அலுவலகத்தில் அவளுக்கு அறவே ஆகாத ஒரு ஜீவன் இருந்தது. வீடியோ சார். இளைஞன், எப்போதும் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, வாய் கொள்ளாத சிரிப்பு. கேமரா முன்னால் நின்று இரண்டு கையையும் விரித்து, "தப்பு வந்தா வரட்டும் கண்ணுங்களா, அது நம்ம ஃப்ரெண்டு!" என்பான். பல்லாயிரம் பிள்ளைகள் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அவளுக்கு வயிறு எரிந்தது.

"பின்னத்தைக் கூட்டச் சொன்னா, கேக்கு வெட்டறான், பீட்சா வெட்டறான். தீனிக் கடை நடத்தறானா கணக்கு நடத்தறானா?" என்று கேள்வி அறைக்குக் கேட்கும்படி பொருமுவாள். படப்பிடிப்பு அறையில் ஏசி இரைச்சல் விழக்கூடாது என்று அவன் நிறுத்தச் சொன்னால், அன்றைக்கென்று இவள் அறை ஏசியைக் கூட்டி வைப்பாள். இரண்டு அறைக்கும் நடுவே இருந்தது ஒரு பலகைச் சுவர்தான். அவன் வந்து கதவைத் தட்டி, "அக்கா, கொஞ்சம்..." என்று இழுப்பான். "என்ன கொஞ்சம்?" என்று இவள் முறைப்பாள். அவன் சிரித்துக்கொண்டே போய்விடுவான். சண்டைக்கு வராத எதிரியைப் போல எரிச்சல் மூட்டுகிறவன் உலகத்தில் இல்லை.

அப்படிப்பட்டவன் ஒரு நாள் வீட்டுக்குள்ளேயே நுழைந்தான். மகளின் பள்ளிக்கூடம் அந்த வருடம் இவர்கள் கம்பெனியின் பாடத்தை வாங்கிவிட்டது. வீட்டுப்பாடம் எல்லாம் இனி டேப்லெட்டில்தான். மகள் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கதவிடுக்கு வழியாக அந்தக் குரல் கேட்டது. "தப்பு வந்தா வரட்டும் கண்ணுங்களா!"

அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். "பலகைக்கு வா. நான் சொல்லித் தர்றேன்."

"வேணாம்மா. சார் நடத்திட்டு இருக்காரு."

"அவனுக்கு என்ன தெரியும்? நானும் அதே கம்பெனிதான்."

"நீ கத்துவ. அவரு கத்த மாட்டாரு." மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். அம்மாவுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அந்த ராத்திரி சாப்பாட்டுத் தட்டுகள் மேஜையில் வைக்கப்படவில்லை, போடப்பட்டன.

பிறகு தினமும் அதே கதைதான். சாயங்காலமானால் கதவு சாத்தும், உள்ளே சாரின் குரல் ஓடும். ஃப்ரிட்ஜ் பலகையில் எப்போதோ எழுதிய கணக்கு ஒன்று மங்கிப்போய்க் கிடந்தது. ஆனால் நட்சத்திரங்கள் குவிந்தன. மகள் தொட்டதெல்லாம் பச்சை. வகுப்பில் அவள்தான் முதல். இவள் வைத்த கண்ணிகளில் பாதி உலகமே விழுகிறது, சொந்தப் பெண் மட்டும் ஒன்றில்கூடக் கால் வைக்காமல் தாண்டிப் போகிறாள். இது எப்படி என்று தப்பக்காவுக்கு விளங்கவே இல்லை. அந்தக் கோமாளி சொல்லித் தந்தா வந்துவிட்டது? கத்திக் கத்தித் தொண்டை வறண்டுபோன தன்னிடம் வராத கணக்கு, கேக்கு வெட்டுகிறவனிடம் வந்துவிட்டதா?

ஒரு நாள் காலையில் மகள் ஷூ மாட்டும்போது பட்டென்று கேட்டாள். "அரையோட மூணுல ஒண்ணைக் கூட்டு. எவ்ளோ?"

மகளின் கை ஷூ கயிற்றிலேயே நின்றது. "ஆப்ஷன் சொல்லு."

"ஆப்ஷன் எதுக்கு? விடை சொல்லு."

"பஸ் வந்துடும்," என்று மகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

அம்மா வாசலிலேயே நின்றாள். முதலில் திக்கென்றது. அடுத்த நிமிடம், சொல்லவே கூசும்படியாக, ஒரு சந்தோஷம் வந்தது. பெண்ணுக்கு ஒன்றும் வரவில்லை. அப்படியென்றால் அவன் ஒன்றும் சொல்லித் தரவில்லை. நட்சத்திரம் எல்லாம் ஏதோ குருட்டாம்போக்கில் வருகிறது. அவன் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்ற ஒரு சமயம் வராமலா போகும் என்று கறுவிக்கொண்டாள்.

சமயம் அவளைத் தேடி வந்தது. கம்பெனிக்கு ஒரு விளம்பரப் படம் எடுக்க முடிவாயிற்று. முழு நட்சத்திரம் வாங்கிய பிள்ளை ஒன்று வேண்டும். வீடியோ சார் மீட்டிங்கில் எழுந்து பல்லெல்லாம் தெரியச் சொன்னான். "வெளிய எதுக்குத் தேடணும்? நம்ம அக்கா பொண்ணே இருக்காளே!" எல்லாரும் கைதட்டினார்கள்.

தப்பக்கா கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "சரி, வருவா. ஆனா ஒரு கண்டிஷன். ஆப்ஷன் கிடையாது. பலகையில கணக்கு நான் எழுதுவேன், அவ போடணும், கேமரா ஓடணும். நீங்க நடத்தித்தானே வந்துச்சு, நிஜமாவே வந்திருக்கான்னு பாத்துடலாம்."

அவன் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "சின்னப் பொண்ணு, பயந்துடப் போறாக்கா."

"என் பொண்ணு பயப்படறதைப் பத்தி நீங்க கவலைப்பட வேண்டாம்."

வீட்டில் புருஷனிடம் மட்டும் சொன்னாள். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அவர் அப்படிப் பார்ப்பது அபூர்வம். "அவளுக்கு வராதுன்னு உனக்குத் தெரியும்தானே? தெரிஞ்சே நிக்க வெக்கிறியா?"

"அவமானம் அவனுக்கு. இவளுக்கு என்ன?"

"பலகை முன்னாடி நிக்கப்போறது அவ. அவன் இல்ல."

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க," என்று அவர் வாயை அடைத்தாள். அவர் சொன்னது நெஞ்சில் முள்ளாய்க் குத்தாமல் இல்லை. ஆனாலும், ஒரு தடவை அடிபட்டால் பெண் அந்தக் கதவைத் திறந்துகொண்டு தன்னிடம்தான் வந்தாக வேண்டும் என்ற எண்ணம் அந்த முள்ளையும் மீறி நின்றது. மகளிடம், "படம் எடுக்கறாங்க, கணக்கு கேப்பாங்க, நல்ல டிரஸ் போட்டுக்கோ," என்றதோடு சரி. ஆப்ஷன் கிடையாது என்பதைச் சொல்லவில்லை.

அன்றைக்கு மகள் தலையைப் படிய வாரிக்கொண்டு, புதுச் சட்டையைக் கையால் நீவி நீவி விட்டபடி வந்தாள். படப்பிடிப்பு அறையில் சுவர் முழுக்கப் பச்சைத் துணி, அதன் முன்னால் ஒரு பெரிய வெள்ளைப் பலகை. விளக்குச் சூட்டில் அறை வெந்தது. ஏசியை நிறுத்தியிருந்தார்கள், இந்தத் தடவை தப்பக்காவே போய்த் தன் அறை ஏசியையும் நிறுத்திவிட்டு வந்திருந்தாள். கேமராக்காரர், மேனேஜர், கேள்வி அறைக் கூட்டம் என்று எல்லாரும் சுவரோரம் நின்றார்கள். வீடியோ சார் மகளைப் பார்த்து, "பயப்படாத கண்ணு, என்னை வீடியோல பாப்பியே, அதே மாதிரிதான்," என்றான். அவள் அவனை யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

தப்பக்கா பலகையில் எழுதினாள். மூன்றில் இரண்டு, கூட்டல், நான்கில் ஒன்று. மார்க்கரை மகள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

மகள் பலகையைப் பார்த்தாள். கணக்குக்குக் கீழே இருந்த வெள்ளையைப் பார்த்தாள். திரும்பி மெதுவாகக் கேட்டாள். "ஆப்ஷன் எங்கம்மா?"

"இல்ல. போடு."

மகளின் காது மடல் சிவந்தது. வீடியோ சார் ஓர் அடி முன்னால் வந்து, "நிறுத்திடலாமே, அப்புறம் பாத்துக்கலாம்," என்று கேமராக்காரரைப் பார்த்தான்.

"ஓடட்டும்!" என்றாள் தப்பக்கா. குரல் பச்சைத் துணியில் மோதித் திரும்பியது. "எல்லாரும் நல்லாப் பாத்துக்கோங்க. முழு நட்சத்திரம் வாங்கின பொண்ணு. சாரோட வீடியோ ஒண்ணு விடாம பாத்த பொண்ணு. கூட்டலுக்கு ஆப்ஷன் கேக்கறா. இதுதான் சார் சொல்லிக்குடுத்த லட்சணம்!"

எத்தனையோ நாளாக நெஞ்சில் வைத்திருந்த பேச்சு. சொல்லி முடித்ததும் அவளுக்கு ஜிவ்வென்றிருந்தது. வீடியோ சாரின் முகத்தில் ஈயாடவில்லை. ஜெயித்தாயிற்று.

"சார் ஒண்ணும் சொல்லிக்குடுக்கல," என்றாள் மகள்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நான் சார் வீடியோ பாத்ததே இல்ல. சத்தமா வெச்சுட்டு சும்மா உக்காந்திருப்பேன். அது ஓடிட்டு இருந்தாதான் நீ உள்ள வர மாட்ட."

பிறகு மார்க்கரின் மூடியைக் கழற்றி, கணக்குக்குக் கீழே எழுதத் தொடங்கினாள். முதலில் ஏழில் மூன்று என்று எழுதினாள்.

"இது மேலயும் கூட்டி, கீழயும் கூட்டினா வர்றது. நான் போட்டது. அன்னிக்கு டஸ்டரை எறிஞ்ச. கண்ணுல பட்டுச்சு."

அதற்குக் கீழே பன்னிரண்டில் மூன்று என்று எழுதினாள். "இது கீழ மட்டும் மாத்திட்டு மேல மாத்தாம விட்டா வர்றது. இதுவும் நான்தான். பிடரியில கண்ணான்னு கேட்ட."

அதற்கும் கீழே பன்னிரண்டில் இரண்டு. "இது கூட்டறதுக்குப் பதிலாப் பெருக்கினா வர்றது. அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். நீ பாதிப் பேர் விழுந்துட்டாங்கன்னு அப்பாகிட்ட சொல்லிச் சிரிச்சே, அது இதுக்குத்தான்."

சுவரோரம் நின்ற கேள்வி அறைக் கூட்டம் தரையைப் பார்த்தது. அந்த மூன்று விடைகளும் அவர்கள் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கணக்கு கம்பெனியின் பெருமைகளில் ஒன்று.

"டேப்லெட்ல கேள்வி வந்தா நான் கேள்வியே படிக்க மாட்டேன்," என்றாள் மகள். "கீழ பாப்பேன். மூணு என்னோடதா இருக்கும். நீ திட்டினது எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. எது என்னோடது இல்லையோ அதைத் தொடுவேன். எப்பவும் பச்சைதான்."

தப்பக்கா பலகையை ஏற இறங்கப் பார்த்தாள். ஏதாவது சொல்லியாக வேண்டும். அவளுக்குக் கைவந்த ஒன்றுதான் வாயில் வந்தது. "மூணு எழுதிட்ட. நாலாவது எங்க?"

மகள் பலகையில் அந்த மூன்றுக்கும் கீழே இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். பிறகு முதல் தடவையாகத் திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் அழுகை இல்லை. அழுகை இருந்திருந்தால் அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும்.

"எனக்கு எப்படித் தெரியும்? அதை எழுத என்னை எப்ப விட்ட? எப்பவும் நீதான பிடுங்கிட்டு எழுதுவ."

மார்க்கரை நீட்டினாள். "இந்தா. எழுது."

வாங்கியிருக்கக் கூடாது. வாங்கக் கூடாது என்பது தப்பக்காவுக்கே தெரிந்தது. அறையில் அத்தனை பேரும் அவள் அதை வாங்காமலிருக்க வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆனால் பலகையில் மூன்று தப்பு வரிசையாக நின்றது, நாலாவது இடம் காலியாக இருந்தது, அது அவள் கண்ணை உறுத்தியது. கை தானாகப் போய் மார்க்கரை வாங்கியது. பன்னிரண்டில் பதினொன்று என்று விறுவிறுவென்று எழுதியது. அடியில் ஒரு கோடும் இழுத்தது.

அவள் திரும்பியபோது மகள் அங்கே இல்லை. வீடியோ சார் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான், வெளியே லிஃப்ட் இறங்கும் சத்தம் கேட்டது. கேமராக்காரர் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கினார். பலகையில் இருந்தது சரியான விடைதான், அதைப் பார்க்க வேண்டியவள்தான் அந்த அறையில் இல்லை.